ஃபுளோரன்ஸில் ஓவிய வகுப்பு: காலை முதல் மாலை வரை

ஃபுளோரன்ஸுக்கு ஓவியம் படிக்கப் போகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் விசா, வீட்டு வாடகை, குளிர் ஆகிய மூன்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் போய் நின்ற பிறகு என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்துவிட்டுத்தான் போனேன், ஓரளவு வரையவும் தெரியும். ஆனாலும் அங்கே ஒரு நாளை எப்படி நடத்துவது என்று புரிய மூன்று மாதம் பிடித்தது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அக்கடெமியா’ என்று அந்த ஊரில் இரண்டு இடங்கள் உண்டு. மிக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை நிற்பது அக்கடெமியா காட்சியகம். அதே ரிக்காசோலி தெருவில் அதை ஒட்டி இருப்பது அக்கடெமியா தி பெல்லே ஆர்த்தி என்ற அரசுக் கலைக் கல்லூரி. 1784 முதல் நடக்கிறது, பாடம் இத்தாலிய மொழியில். இவை தவிர ஊரில் தனியார் ஓவியக்கூடங்கள் சில இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய முறையில் பார்த்து வரையக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் அவை. பல நாட்டு மாணவர்கள் வருவதால் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். நான் படித்தது அப்படி ஒரு சிறிய கூடத்தில். கீழே வருவது அந்த வகைக் கூடத்தின் ஒரு நாள்.

முந்தைய இரவு

ஒரு நாளின் வேலை முந்தைய இரவு உப்புத்தாளில் தொடங்குகிறது. கரித்துண்டுகளை ஊசி முனைபோலத் தீட்டி வைக்க வேண்டும். பத்துத் துண்டு தீட்ட அரைமணி நேரம் ஆகும், அவசரப்பட்டால் உடையும். இதைக் காலையில் வகுப்பில் செய்யலாம் என்று விட்டுவிடாதீர்கள். மாடல் மேடையில் நிற்கும் இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் உப்புத்தாளுக்கே போய்விடும்.

பையில் இருக்க வேண்டியவை: தீட்டிய கரி, பிசைந்து உருமாற்றக்கூடிய ரப்பர், அளவு பார்க்க ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்று, முகம் பார்க்கும் கையடக்கக் கண்ணாடி, ஒட்டும் டேப், அப்புறம் தூக்குக்குண்டு. கடைசியாகச் சொன்னதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கறுப்பு நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். நம் ஊர்க் கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல, மாடலின் கழுத்துக்குழி எந்தக் காலுக்கு நேர்மேலே இருக்கிறது என்பதை இதை வைத்துத்தான் பார்ப்போம்.

இந்தியாவிலிருந்து தாள் சுமந்துகொண்டு போகாதீர்கள். இத்தாலியில் ஃபாப்ரியானோ என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து தாள் செய்கிறார்கள், அந்தத் தாள் அங்கே எந்த ஓவியக் கடையிலும் கிடைக்கும். வண்ணப்பொடி, எண்ணெய், தூரிகை எல்லாவற்றுக்கும் மாணவர்கள் போவது பேராலயத்தை ஒட்டிய ஸ்தூதியோ தெருவில் இருக்கும் ட்ஸெக்கி கடைக்கு. ஆனால் முதல் வாரம் எதையும் வாங்க வேண்டாம். ஆசிரியர் தரும் பட்டியல் கைக்கு வரட்டும். கடையைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஃபுளோரன்ஸில் கடைகளுக்குச் சிவப்பு எண், வீடுகளுக்கு வேறு நிறத்தில் தனி எண் என்பது பழைய வழக்கம். முகவரியில் எண்ணுக்குப் பின் ‘ஆர்’ எழுத்து இருந்தால் சிவப்பு எண்ணைத் தேட வேண்டும். இது தெரியாமல் ஒரே தெருவில் நான் மூன்று முறை மேலும் கீழும் நடந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து கட்டாயம் எடுத்துப் போக வேண்டியது ஒன்று உண்டு. பழைய பருத்தி வேட்டி. துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டித் துணியைப்போல எண்ணெய் வண்ணத்தை உறிஞ்சும் துணி வேறில்லை. நான்கு வேட்டியைக் கிழித்து எடுத்துப் போனேன், இரண்டாம் வருடம் அம்மாவிடம் சொல்லி மறுபடி அனுப்பச் சொன்னேன்.

உடையும் ஒரு கருவிதான். அடர்ந்த, மங்கிய நிறச் சட்டை போடுங்கள். நீங்கள் மஞ்சள் சட்டையில் நின்றால் அந்த மஞ்சள் ஈரமான வண்ணத்தின் மேல் பிரதிபலிக்கும், நிறம் கலக்கும்போது கண் ஏமாறும். காலுக்கு ரப்பர் அடிப்பாகம் வைத்த ஷூ. ஆறு மணி நேரம் நிற்கப் போகிறீர்கள்.

காலை 8.15

ஊர் சின்னது. நகரின் பழைய பகுதியில் தங்கியிருந்தால் நடந்தே போய்விடலாம். ஆர்னோ ஆற்றின் தென்கரையில் தங்கினாலும் பாலத்தைத் தாண்டி இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். பேருந்தை நம்புவதாக இருந்தால் வேலைநிறுத்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

வழியில் காப்பி. அங்கே காப்பிக்கடையை ‘பார்’ என்கிறார்கள். கவுன்ட்டரில் நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் அதிக விலை. சில கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, சீட்டைக் காட்டித்தான் காப்பி வாங்க வேண்டும். முன்னால் நிற்பவர் என்ன செய்கிறார் என்று பார்த்து அப்படியே செய்யுங்கள். உள்ளே நுழையும்போது ‘புவோன்ஜோர்னோ’ என்று சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். இது வகுப்பறைக்கும் பொருந்தும்.

எட்டேமுக்காலுக்குள் உள்ளே இருங்கள். மாடல் ஒன்பதுக்கு மேடையேறியதும் கதவு மூடப்படும். எங்கள் கூடத்தில் தாமதமாக வந்தவர்கள் அடுத்த இடைவேளை வரை வெளியே நிற்க வேண்டும். புதிய போஸ் தொடங்கும் நாளில் யார் எங்கே நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்றாலும் மாற்றிக் கேட்க வேண்டாம். நான்கு வாரம் ஒருவரின் முதுகை மட்டுமே வரைந்திருக்கிறேன், முதுகைப் பற்றி அதற்குப் பிறகு எனக்குப் பயமே இல்லை.

மாடல் வகுப்பு, 9 முதல் 12 வரை

நம் ஊரிலிருந்து போகிறவர்களிடம் இதைத் திறந்தே சொல்ல வேண்டும். மாடல் உடையில்லாமல் நிற்பார். கும்பகோணத்தில் எங்கள் வகுப்புக்கு வந்த தாத்தா வேட்டி கட்டித்தான் உட்காருவார். அந்தப் பழக்கத்தோடு போன எனக்கு முதல் நாள் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. அந்தக் கூச்சம் பத்து நிமிடத்தில் போய்விடும். இடுப்பெலும்பு எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தேட ஆரம்பித்தவுடன் வேறு எதற்கும் மனதில் இடமிருக்காது.

மாடலிடம் நடந்துகொள்ளும் முறை எழுதி ஒட்டப்பட்டிருக்காது, ஆனால் மீறினால் யாரும் மறக்கமாட்டார்கள். செல்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும், படம் எடுக்கக் கூடாது. மாடலைத் தொடக் கூடாது. ‘கையைக் கொஞ்சம் தூக்குங்கள்’ என்பதுபோல எதுவும் இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள், அவர் மாடலிடம் பேசுவார். மேடைக்கு அருகே நடக்கும்போது தரையில் இருக்கும் டேப் துண்டுகளை மிதித்துப் பெயர்த்துவிடாதீர்கள். மாடலின் பாதம் எங்கே இருந்தது என்பதற்கு அந்த டேப்தான் அடையாளம். இடைவேளையில் அவர் அங்கி அணிந்து இறங்கும்வரை மேடைப் பக்கம் போகாதீர்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் போஸ், ஐந்து நிமிடம் ஓய்வு என்று மூன்று மணி நேரம் ஓடும். அசையாமல் நிற்பது கடினமான உடலுழைப்பு. முடிந்ததும் ‘கிராட்சியே’ சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் மேடையருகே ஹீட்டர் வைப்பார்கள். அது மாடலுக்கு. அதன் பக்கம் நிற்கிறவருக்கு வேர்க்கும், ஜன்னல் பக்கம் நிற்கிறவருக்கு விரல் விறைக்கும். மெல்லிய உடைகளை அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டு போனால் எந்த இடம் விழுந்தாலும் சமாளிக்கலாம்.

பின்னால் நடப்பது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

இந்தக் கூடங்களில் சொல்லித்தரும் முறைக்கு ‘சைட்-சைஸ்’, அதாவது கண்ணில் தெரியும் அளவு, என்று பெயர். தாளைத் தாங்கி நிற்கும் சட்டமான ஈஸலை மாடலுக்கு அல்லது சிலைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவீர்கள். பிறகு ஐந்தாறு அடி, சில சமயம் அதற்கும் மேல், பின்னால் போய் ஒரு இடத்தில் நிற்பீர்கள். அந்த இடத்தில் பாதத்தைச் சுற்றி டேப் ஒட்ட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் சிலையும் தாளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவில் தெரியும். சிலையின் தாடை எந்த உயரத்தில் தெரிகிறதோ அதே உயரத்தில்தான் தாளிலும் தாடை வர வேண்டும். அங்கே நின்று பார்ப்பீர்கள், முடிவெடுப்பீர்கள், முன்னால் நடந்து வந்து ஒரு கோடு போடுவீர்கள், திரும்பப் பின்னால் போய் அது சரிதானா என்று பார்ப்பீர்கள். ஈஸல் முன்னால் நிற்கும்போது சிலையைப் பார்க்கவே கூடாது. நினைவில் சுமந்து வந்ததைத்தான் போட வேண்டும்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் ஓலையை மடித்து அளவெடுப்பதை நான் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். உருவத்தின் உயரத்துக்கு ஓலையை வெட்டி, அதைச் சம பாகங்களாக மடித்து, முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று பிரிப்பார்கள். அளவு முன்கூட்டியே மரபில் இருக்கிறது, ஓலை அதைச் சிலைக்குக் கொண்டுவருகிறது. இங்கே முன்கூட்டி எந்த அளவும் இல்லை. இன்று, இந்த வெளிச்சத்தில், இந்த டேப்புக்குள் நிற்கும் உங்கள் கண்ணுக்குத் தெரிவதுதான் அளவு. இரண்டும் பெரிய கலைதான். ஆனால் ஒன்றின் பழக்கத்தோடு மற்றொன்றுக்குள் போனால் கை தன் இஷ்டத்துக்கு ஓடும். ‘மூக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று கை ஏற்கெனவே முடிவு செய்திருக்கும். என் முதல் மூன்று மாதமும் அதில்தான் போனது.

அதனால் முதல் சில வாரங்களுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கு ஒரு முறை பின்னால் நடை. இரண்டாவது கோட்டை முன்னால் நின்றபடியே போடத் தோன்றும், போடாதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், சின்ன விவரங்கள் மறைந்து வெளிச்சமும் இருளும் இரண்டு பெரிய திட்டுகளாகப் பிரியும். தவறு எங்கே என்று தெரியாவிட்டால் முதுகைத் திருப்பிக்கொண்டு, கைக்கண்ணாடியில் சிலையையும் தாளையும் சேர்த்துப் பாருங்கள். இடவலம் மாறித் தெரிவதால் பழகிப்போன தவறு சட்டென்று கண்ணில் படும்.

திருத்தம்

ஆசிரியர் ஒரு நாளில் ஓரிரு முறைதான் உங்களிடம் வருவார். வரும்போது அவர் உங்கள் டேப்புக்குள் நிற்பார், நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். உங்கள் உயரத்துக்குத் தன் கண்ணைக் கொண்டுவர முழங்காலை மடித்துக்கூட நிற்பார். கரியை எடுத்து உங்கள் படத்தின் மேலேயே கோடு போடுவார். துணியால் துடைத்தும் விடுவார்.

ஒரு நாள் என் மூன்று வார வேலையில் ஒரு கண்ணையும் கன்னத்தையும் என் ஆசிரியை துடைத்துவிட்டார். தொண்டை அடைத்தது, பேச்சு வரவில்லை. அவர் சொன்னது இதுதான்: கண் நன்றாக இருக்கிறது, ஆனால் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. மறுநாள் சரியான இடத்தில் அதே கண்ணை வரைய எனக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அழிந்தது தாளில் இருந்ததுதான், கற்றது கையிலேயே இருந்தது.

திருத்தத்தின்போது செய்ய வேண்டியவை எளிமையானவை. நோட்டுப் புத்தகத்தில் அவர் சொன்னதை உடனே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது, கேட்டது புரிந்ததா என்பது எழுதும்போதே தெரிந்துவிடும். புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். நமக்கு ஆசிரியர் முன் தலையாட்டியே பழக்கம். ‘எங்கே நின்று பார்த்தால் இது தெரியும்?’ என்று கேளுங்கள், அவர் காட்டுவார். ‘சார்’, ‘மேடம்’ தேவையில்லை. இந்தக் கூடங்களில் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். வாயில் வர ஒரு மாதம் ஆகும், பரவாயில்லை.

மதியம்

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சைவமாக இருந்தால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘சோனோ வெஜெதாரியானா’ என்று பெண்களும், ‘வெஜெதாரியானோ’ என்று ஆண்களும் சொல்ல வேண்டும். ரிபொல்லித்தா என்று பீன்ஸ், கீரை, பழைய ரொட்டி போட்டுக் காய்ச்சும் கெட்டியான சூப் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். அதில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபுளோரன்ஸ் இருக்கும் தஸ்கானி பகுதியில் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். ரொட்டி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அதுதான் அந்த ஊர் வழக்கம். நான் பெரும்பாலும் டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோனேன், ஆனால் பாதி வயிற்றுக்குத்தான். நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டுப் பிற்பகலில் சிலை முன் நின்றால் கண் சொருகும்.

பிற்பகல், 2 முதல் 5 வரை

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிற்பகலில் மாடல் கிடையாது. முதலில் தாளிலிருந்து தாளுக்குப் பார்த்து வரைவது. சார்ல் பார்க் என்ற பிரெஞ்சுக்காரர் ஜெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட பயிற்சிப் படங்கள் இன்றும் பல கூடங்களில் முதல் பாடம். வான்கோவும் இதே படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகியவர்தான். இதை முடித்ததும் பிளாஸ்டர் சிலை. ஒரே ஒரு காது, ஒரே ஒரு பாதம், அப்புறம் தலை. வெள்ளைச் சிலை, கறுப்புத் துணி, ஒரு பக்கமிருந்து வெளிச்சம்.

ஒரு சிலைக்கு ஆறு வாரம்கூட ஆகும். ஊரில் ஒரு நாளில் மூன்று படம் முடித்துப் பழகியவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான இடம். பக்கத்தில் இருப்பவர் அடுத்த சிலைக்குப் போய்விட்டார் என்று பார்க்காதீர்கள். ஒரு பிற்பகலில் நிழலின் ஓரம் ஒன்றை மட்டும் சரி செய்தேன் என்றால் அது நல்ல பிற்பகல்.

ஜன்னல் வெளிச்சத்தில் வேலை செய்கிறவர்கள் டிசம்பரில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். மூன்றரைக்குப் பிறகு வெளிச்சம் நம்பும்படி இருக்காது. அந்த நேரத்தில் புதிய முடிவு எதுவும் எடுக்காமல், தாளில் உள்ள கரித் தூசியைச் சீராக்குவது, அடுத்த நாளுக்குக் கரி தீட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, ஈஸலின் கால்கள், சிலை மேடை, உங்கள் பாதம் ஆகியவற்றின் டேப் எல்லாம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. சுவரிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை சென்டிமீட்டர் என்று நோட்டில் குறித்து வையுங்கள். தரை கழுவும்போது டேப் போய்விட்டால் அந்த எண்கள்தான் உங்கள் ஆறு வாரத்தைக் காப்பாற்றும். இரண்டாவது, கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்சேட்டிவ் திரவத்தை அடிக்க வேண்டுமானால் வெளியே எடுத்துப்போய் அடியுங்கள், அறைக்குள் வேண்டாம்.

மூன்றாவது, எண்ணெய் வண்ணம் தொடங்கிய பிறகு மிக முக்கியம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகிறது. கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்த் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் உள்ள, மூடி போட்ட இரும்பு டப்பாவில்தான் போட வேண்டும். தங்கும் அறைக்கு அந்தத் துணியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

வகுப்பு தவறும் நாட்கள்

இத்தாலிக்குள் வந்து 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான உறையைத் தபால் நிலையத்தில் வாங்கி, நிரப்பி, 16 யூரோ முத்திரைத்தாள் ஒட்டித் தர வேண்டும். பிறகு காவல் துறை அலுவலகத்தில் கைரேகை வைக்க ஒரு நாள் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் வகுப்பு நாளாகத்தான் இருக்கும், முழுக் காலையும் போகும். தேதி தெரிந்தவுடன் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அன்று ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும். காத்திருக்கும் வரிசையில் கைகளை வரையலாம்.

ஐந்து மணிக்குப் பிறகு

வகுப்பு முடிந்ததும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். ஊஃபித்ஸி காட்சியகத்தை ஒரே நாளில் முழுக்கப் பார்க்க நினைத்தால் கால் வலி மட்டும்தான் மிஞ்சும். ஊஃபித்ஸிக்கும் அக்கடெமியா காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் வரிசை நீளமாக இருக்கும். சீக்கிரமே போய் நில்லுங்கள்.

காசில்லாமல் வரைய நல்ல இடம் லோஜ்ஜா தெய் லான்ட்ஸி. பழைய அரண்மனைக்கு எதிரே, திறந்த வளைவுகளின் கீழ் சிற்பி செல்லினியின் பெர்சியஸ் சிலை நிற்கிறது, ஜாம்போலோன்யா என்ற சிற்பி ஒரே சலவைக்கல்லில் மூன்று உடல்களை முறுக்கிச் செதுக்கிய சிலையும் நிற்கிறது. மழை பெய்தாலும் நனையாமல் வரையலாம். உடற்கூறு படிக்க ஆர்னோவின் தென்கரையில், ரோமானா தெருவில் லா ஸ்பெகோலா இருக்கிறது. 1775-இல் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டின் மெழுகு உடல்கள் தசை தசையாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. மழைக்காலச் சனிக்கிழமைக்கு அதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. எங்கும் பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள். கரியும் மையும் உள்ளே விடமாட்டார்கள்.

நான் அதிகம் போன இடம் சாந்தா ஃபெலிச்சித்தா தேவாலயம். வெக்கியோ பாலத்தைத் தாண்டினால் இரண்டு நிமிட நடை. வாசலை ஒட்டிய சிறிய சிற்றாலயத்தில் பொந்தோர்மோ என்ற ஓவியர் 1525 முதல் 1528 வரை தீட்டிய பெரிய ஓவியம் இருக்கிறது. இறந்த இயேசுவைச் சுமந்து நிற்கும் கூட்டம், இளஞ்சிவப்பும் வெளிர் நீலமுமாக. அங்கே இருட்டாக இருக்கும். பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிடங்களில் அணைந்துவிடும். அதனால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியும்போது நோட்டைத் திறக்காமல் பாருங்கள். அணைந்ததும் உடனே அடுத்த காசைப் போடாமல், வாசல் பக்கம் வந்து, பார்த்ததில் நினைவில் நின்றதை மட்டும் வரையுங்கள். எந்தக் கை எங்கே இருந்தது என்று தடுமாறும் இடத்தில் நிறுத்திவிட்டு, உள்ளே போய் அடுத்த காசைப் போடுங்கள்.